அம்மாவுக்கு ஒரு இத்தாலிச் சாப்பாடு

பிள்ளைகளே,

திவசம் முடிந்த அன்று போனில் நீங்கள் இரண்டு பேரும், "அப்பா, அம்மாவுக்கு என்னென்ன படைச்சனீங்கள்?" என்று கேட்டீர்கள். நான் "எல்லாம் படைச்சம்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் போனில் சொல்ல வரவில்லை. ஒரு பக்கம் பேத்தி அழுகிறாள், மறுபக்கம் லைன் விட்டுவிட்டு வருகிறது. அதனால் இருந்து எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வள்ளத்து எஞ்சினுக்குள் கை வைத்தவன் நான்.

எங்கள் வீட்டு வழக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திவசத்துக்கு ஐயர் வருவது காலையில். அதற்கு முதல் நாள் பின்னேரம், போனவர் உயிரோடு இருக்கும்போது எதை விரும்பிச் சாப்பிட்டாரோ அதை இலையில் வைத்துப் படைப்போம். சமைக்கிறவர்கள் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. வைத்துவிட்டு எல்லாரும் விலகிப் போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் வந்து சாப்பிட மாட்டார்கள். உங்கள் அப்பப்பாவுக்குச் சுறாப் புட்டும் சுருட்டும் வைத்தது நினைவிருக்கும். அம்மாவுக்கு இது முதலாவது ஆண்டு. திவசத்துக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமையாக விழுந்துவிட்டது. மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் வைக்க முடியாது. "அக்காவுக்கு வடை, பாயாசம், கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் நான் செய்யிறன், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அத்தான்" என்று சித்தி சொன்னா.

நான் யோசித்தது வடையைப் பற்றி அல்ல.

மகள், உன்னுடைய பிள்ளைப்பேற்றுக்கு அம்மா ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம் நின்றா. விசா அவவுக்கு மட்டும்தான் கிடைத்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர், அடுத்தடுத்த ஒழுங்கை. பாவாடை கட்டின காலத்திலிருந்து அவவை எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து ஓடினதும், திரும்பி வந்ததும், கூரை போட்டதும் எல்லாம் சேர்ந்துதான். அவவின் சீவியத்தில் நான் இல்லாத துண்டு என்றால் அந்த மூன்று மாதம்தான். அதில் நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறீர்கள். நான் இல்லை.

திரும்பி வந்த அன்று அவ பனியைப் பற்றிச் சொல்லவில்லை, உயரமான கட்டடங்களைப் பற்றிச் சொல்லவில்லை. உங்கள் தெருமுனையில் உள்ள இத்தாலிக்காரன் கடையைப் பற்றித்தான் சொன்னா. தம்பி, உனக்கு வெள்ளிக்கிழமையில் லீவு, நீ அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போவாய் என்று.

"ஒரு சின்னக் கடையப்பா. கண்ணாடியெல்லாம் ஆவி பிடிச்சு வெளியாலை ஒண்டும் தெரியாது. வெளியிலை பனி கொட்டுது, உள்ளுக்கை குசினி மாதிரிச் சூடு. கடைக்காரன் என்னை மம்மா, மம்மா எண்டு கூப்பிடுறான். அவனுக்கு என்னிலும் வயசிருக்கும்!"

"என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையல்லோ. மரக்கறி என்ன இருக்கெண்டு தம்பி கேட்டான். கொழுக்கட்டை மாதிரி ஒண்டு கொண்டுவந்து வைச்சாங்கள். சதுரமாய், மொழுமொழு எண்டு. உள்ளுக்கை பூசணிக்காய். மேலை நெய் ஊத்தி, இலை பொரிச்சுப் போட்டிருந்தது. கறிவேப்பிலை இல்லை, வேறை என்னவோ வாசம். ஒவ்வொரு வெள்ளியும் அதுதான் எனக்கு."

"பூசணிக்காய் தின்னவோ ரொறன்ரோவுக்குப் போனனீர்? எங்கடை வேலியிலையே காய்க்குதே."

"உங்களுக்கு எங்கை விளங்கப்போகுது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனா. பிறகும் பல தடவை அந்தக் கடைக் கதை வந்தது. சோறு கறி போட்டுத் தரும்போதே கடைக்காரனைப் போல நடித்துக் காட்டுவா, "காணுமோ மம்மா, இன்னும் வேணுமோ மம்மா" என்று. அடுத்த மாரிக்கு முன்னர் வருத்தம் வந்து படுத்துவிட்டா. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணம் டவுனில், நல்லூர்ப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது என்று எஞ்சின் சாமான் கடையில் ஒருவர் சொன்னார். புருசனும் பெண்சாதியுமாக இத்தாலியில் பலெர்மோ என்ற இடத்தில் கனகாலம் வேலை செய்துவிட்டு வந்து, தங்கள் வீட்டு முன்பக்கத்தையே கடையாக்கி நடத்துகிறார்கள். புதன்கிழமை நான் பஸ் ஏறிப் போனேன்.

போன நேரம் மத்தியானம் கழிந்து கடை வெறுமையாக இருந்தது. சின்னச் சின்ன மேசைகள், மெழுகுதிரி வைத்த கண்ணாடிக் கோப்பைகள், மஞ்சள் வெளிச்சம். மேசை துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா, "வாங்கோ அண்ணை, எத்தினை பேர்?" என்று கேட்டா.

"ஒரு ஆள்தான். சாப்பிட வரேல்லை. ஒரு விசயம் கேக்க வேணும்."

உங்கள் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். சதுரக் கொழுக்கட்டை, பூசணிக்காய், நெய், பொரிச்ச இலை. அந்தக் கடை அம்மா உள்ளுக்குத் திரும்பி, "இஞ்சேருங்கோ, இதை ஒருக்கா வந்து கேளுங்கோ" என்று கூப்பிட்டா. புருசன் கையெல்லாம் மாவோடு வந்தார். என்னிலும் கொஞ்சம் இளமையான மனிதர்.

"அது ரவியோலி" என்றார். "ஆனா அண்ணை, பூசணிக்காய் வைக்கிறது எங்கடை பலெர்மோப் பக்கம் இல்லை, வடக்கிலை உள்ள சனம் செய்யிறது. நான் நிண்ட ஹோட்டலிலை ஒரு வடக்கத்தியான் இருந்தவன், அவனிட்டைப் பழகினது. செய்யலாம். எப்ப வேணும்?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம். பார்சல். என்ரை மனுசிக்குப் படைக்கிறதுக்கு."

அவர் கையிலிருந்த மாவைத் துடைத்தார். பிறகு அந்த அம்மா ஒரு கதிரையை இழுத்து வைத்து, "இருங்கோ அண்ணை" என்றா.

"எவ்வளவு தூரம் கொண்டு போறியள்?" என்று அவர் கேட்டார்.

"தொண்டைமானாறு."

"பஸ்ஸிலையோ? போய்ச் சேரேக்கை களியாய்ப் போயிடும். பச்சையாய்த் தந்தாலும் இந்த வெக்கைக்கு ஒண்டோடை ஒண்டு ஒட்டிப் பிடிச்சிடும். அடுப்பாலை இறக்கின உடனை சாப்பிட வேணும்."

"அப்ப இஞ்சையே படைக்கச் சொல்லுங்கோவன்" என்றா அவ. "அவவும் ஒரு கடையிலை இருந்துதானே சாப்பிட்டவ."

எனக்கு அது சரியாகப் பட்டது. பிறகு நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன், சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது என்று. அவர் முகம் சுருங்கியது.

"உப்புப் பாராமல் நான் ஒருநாளும் சமைச்சதில்லை அண்ணை."

"ஓம், நான் சமைச்சதுக்கு மட்டும் வாயிலை வைக்க முன்னமே உப்புக் காணாது எண்டு சொல்லத் தெரியும்" என்றா அவ. அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்குள் இருந்து சிரித்தேன் என்று பஸ்ஸில் வரும்போதுதான் நினைத்தேன்.

எழும்பும்போது ஒரு பேச்சுக்காகக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை. முழு மரக்கறிதானே?"

அவர் பெண்சாதியைப் பார்த்தார். அவ அவரைப் பார்த்தா.

"அண்ணை, மா குழைக்கிறது முட்டையிலைதான்" என்றார் அவர். "அந்த வடக்குப் பக்கத்து முறை அதுதான். தண்ணி விடுறேல்லை. மா, முட்டை. அவ்வளவுதான்."

"ரொறன்ரோக் கடையிலையும் அப்பிடித்தான் செய்திருப்பாங்களோ?"

"நீங்கள் சொல்லுற மொழுமொழுப்பு முட்டையிலைதான் வரும்."

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தெரியும். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து தப்பினதில்லை. சன்னதி முருகனுக்கு என்று பிடித்தது. இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தபோது, கருவாட்டுக் குழம்பைத் தவிர வேறொன்றும் இல்லாத வெள்ளியில், வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தவ. கேக்கில் முட்டை என்று உங்கள் பிறந்தநாள் கேக்கைக்கூடச் சனிக்கிழமைக்கு எடுத்து வைத்தவ. அப்படிப்பட்டவ உங்கள் ஊரில் வெள்ளிக்கு வெள்ளி குளித்து, திருநீறு பூசி, வந்து இருந்து, முட்டையைச் சாப்பிட்டிருக்கிறா. அதுவும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறா.

தம்பி, நீ தெரிந்து மறைத்தாய் என்று நான் நினைக்கவில்லை. மரக்கறி என்று கேட்டாய், அவர்கள் மரக்கறி என்று கொடுத்தார்கள். அவர்களுக்கு முட்டை மச்சம் இல்லை. உன்னில் பிழை இல்லை.

அந்தக் கடை அம்மா மெதுவாகச் சொன்னா, "தெரியாமல் சாப்பிட்டது குற்றமில்லை அண்ணை."

"அவவுக்கு அப்ப தெரியாது" என்றேன். "இப்ப?"

"செத்த ஆக்களுக்கு எல்லாம் தெரியும் எண்டு எங்கடை அம்மா சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல அவ வாயை மூடிக்கொண்டா.

அவர் தொழில்காரன். வழி சொன்னார். "ரவை மாவையும் தண்ணியையும் போட்டு, முட்டை இல்லாமலும் குழைக்கலாம். எங்கடை பலெர்மோப் பக்கத்து மா அப்பிடித்தான். ஆனா பொய் சொல்லப்படாது, அது வேறை சாமான். கொஞ்சம் விறைப்பாய் இருக்கும். அவ சாப்பிட்டது அதில்லை. யோசிச்சுப்போட்டு நாளைக்குப் போன் எடுங்கோ."

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து யோசித்தேன். அவ சாப்பிட்டது எதுவோ அதைத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் ஏன் போனேன்? அது ஒரு பக்கம். படைத்தது பிறகு வீட்டுக்காரர் சாப்பிடுகிற சாப்பாடு. எனக்கும் அந்த ருசி தெரிய வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. ஒரு வாயாவது. தம்பியும் அம்மாவும் இருந்த மேசையில் ஒரு ஓரமாக எனக்கும் ஒரு கதிரை போட்டது போல இருக்கும் என்று நினைத்தேன். அதை உங்களுக்கு மறைக்கவில்லை.

மறுபக்கம், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, முட்டை என்று எனக்குத் தெரிந்த பிறகு, அதை என் கையால் அவவின் இலையில் வைப்பதா? அவ வருவா, பார்ப்பா. முதல் ஆண்டிலேயே, "உம்மடை விரதம் அங்கையே முறிஞ்சு போச்சு" என்று நானே சொல்லிக் கொடுத்தது போல ஆகிவிடும். ஒருவேளை அவவுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். என் வழியாகத் தெரிய வேண்டாம்.

வியாழக்கிழமை விடியப் போன் எடுத்தேன். "முட்டை வேண்டாம்" என்றேன்.

"சரி அண்ணை" என்றார்.

வெள்ளிக்கிழமை குளித்து, வேட்டி கட்டி, விரதத்தோடு போனேன். வீட்டில் சித்தி வடை சுட்டுக்கொண்டிருந்தா. "எங்கை அத்தான் போறியள், படைக்கிற நாளிலை?" என்று கேட்டா. "பொழுதுபட முன்னம் வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இத்தாலிக் கடைக்கு என்று சொல்லியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பா.

அந்த நேரத்தில் கடையில் ஒரு மேசையில்தான் ஆட்கள். ஒரு பொடியனும் ஒரு பெட்டையும். என்னைக் கண்டதும் பெட்டை போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். வீட்டாருக்குத் தெரிந்த ஆள் என்று நினைத்திருப்பாள். நான் சுவரோரமாக இருந்த மேசையில் இருந்தேன். எதிர்க் கதிரைக்கு முன்னால் அந்த அம்மா ஒரு தலைவாழை இலையைக் கழுவி விரித்தா. மெழுகுதிரியைக் கொளுத்தினா. தண்ணீர் வைத்தா. எனக்கு முன்னால் ஒன்றும் வைக்கவில்லை. படைத்த பிறகுதான் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது.

அவர் சட்டியோடு வந்து இலையில் பரிமாறினார். சதுரம் சதுரமாக, ஆவி பறக்க. மேலே உருக்கின பட்டர், கருகாமல் பொரித்த இலை. "உப்புப் பாக்கேல்லை" என்று என் காதில் சொன்னார், ஏதோ சத்தியம் செய்து கொடுப்பது போல.

இனி விலகி நிற்க வேண்டும். அந்த அம்மா தானாகவே அந்தப் பிள்ளைகளின் மேசைக்குப் போய், "பிள்ளையள், கோவிக்காதேங்கோ, ஒரு கொஞ்ச நேரம் வெளியிலை வந்து நில்லுங்கோ" என்றா.

பொடியன் எழும்பிவிட்டான். "அன்ரி, நாங்கள் சொந்தக்காரர். இவ என்ரை மாமீன்ரை மகள்."

"நான் உங்களை ஆரெண்டு கேட்டனானே?" என்றா அவ. "அந்த ஐயாவின்ரை மனுசிக்குப் படைச்சிருக்கு. அவ சாப்பிடட்டும். வாங்கோ."

நாங்கள் ஐந்து பேரும் ஒழுங்கையில் வந்து நின்றோம். கதவைச் சாத்தினார்கள். சைக்கிளில் போன ஒருவர், கடைக்காரரே வெளியில் நிற்கிறதைப் பார்த்துக் காலை ஊன்றி, "என்ன, காஸ் ஏதும் லீக்கோ?" என்று கேட்டார். "இல்லை, இல்லை, நீங்கள் போங்கோ" என்றார் இவர். பெட்டை வாயைப் பொத்திச் சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்து நிறுத்திவிட்டாள். "பரவாயில்லை பிள்ளை, சிரியும்" என்றேன். உங்கள் அம்மா இருந்திருந்தால் அவதான் முதலில் சிரித்திருப்பா.

மூடின கதவை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஒரு மேசையில் அவ தனிய இருக்கிறா என்று நினைத்தேன். கூட நீங்களும் இல்லை, நானும் இல்லை, மம்மா என்று கூப்பிட அந்தக் கடைக்காரனும் இல்லை. அந்த நினைப்பு எனக்குத் தாங்கவில்லை. போதும் என்று சொல்லிக் கதவைத் தட்டித் திறந்தேன். கொஞ்சம் கெதியாகத் திறந்துவிட்டேன் போல. அவ ஆறுதலாகச் சாப்பிடுகிறவ.

இலை அப்படியே இருந்தது. ஆவி அடங்கியிருந்தது. இலையை என் பக்கம் திருப்பி வைத்துச் சாப்பிட்டேன். அந்த அம்மா முள்ளுக்கரண்டி கொண்டுவந்தா, நான் கையால்தான் சாப்பிட்டேன். மா விறைப்பாகத்தான் இருந்தது. உப்புக் குறைவு. பூசணிக்காய் இனிப்பாக இருந்தது, பாயாசத்துக்குக் கிட்ட. நன்றாக இருந்தது என்று நான் எழுதினால் அது பொய். கெட்டது என்றும் சொல்ல முடியாது. இதை நினைத்து அவ ஏன் அவ்வளவு நாளாகக் கதைத்தா என்று எனக்கு விளங்கவில்லை. முட்டை இருந்திருந்தால் விளங்கியிருக்குமோ, அல்லது பனியும் ஆவி பிடித்த கண்ணாடியும் வேண்டுமோ, தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"எப்பிடி அண்ணை?" என்று குசினி வாசலில் நின்று அவர் கேட்டார்.

"நல்லாயிருக்கு" என்றேன். அந்த மனிதருக்கு வேறென்ன சொல்வது.

நான் முடிக்கும் நேரம் அந்த அம்மா ஒரு சின்னப் பீங்கானைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தா. அதே சதுரங்கள், ஆனால் கொஞ்சம் மஞ்சள், மினுமினுப்பு. "இது முட்டை போட்டது அண்ணை. உங்களுக்கெண்டு இவர் தனிச் சட்டியிலை போட்டவர். அவ சாப்பிட்டது இதுதான். ஒண்டு வாயிலை வைச்சுப் பாருங்கோ. படைச்சு முடிஞ்சுதே."

அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கு எட்டிய தூரம். நாளைக்குப் பிண்டம் வைக்கிறவன் நான், விரதம். அது மட்டும் இல்லை. அவவின் வெள்ளிக்கிழமையில், அவவின் இலைக்கு முன்னால் இருந்துகொண்டு நான் எப்படி?

"இண்டைக்கு ஏலாது தங்கச்சி. குறை நினைக்காதேங்கோ."

"வெள்ளி இல்லாத நாளாய் வாங்கோ" என்றா அவ. அந்தப் பீங்கான் பொடியன் பெட்டையின் மேசைக்குப் போனது. "ஐயோ, இது சரியான சோக்காயிருக்கு" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

இதுவரை நான் திரும்பிப் போகவில்லை. போவேனோ என்றும் தெரியாது. நீங்கள் இதை வாசித்துவிட்டு உங்கள் தெருமுனைக் கடைக்குப் போனால், நன்றாகச் சாப்பிடுங்கள், என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டில் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று இந்த முட்டைக் கதையைக் கதைக்க வேண்டாம். எழுதினால் பரவாயில்லை. என் கையெழுத்தை அவ ஒருநாளும் பொறுமையாக வாசித்து முடித்ததில்லை.

அன்று பொழுதுபட வீட்டுக்கு வந்து, சித்தி செய்த வடை பாயாசத்தையும் முறைப்படி படைத்தோம். மறுநாள் ஐயர் வந்து திவசம் முடிந்தது. பந்தி முடிந்தது. பின்னேரம் சித்தியும் மற்ற ஆட்களும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். முற்றத்தில் நல்ல வெயில் நின்றது. அலமாரியைத் திறந்தேன். அம்மா உங்கள் ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த தடித்த குளிர்க் கோட்டு கடைசியில் தொங்கியது. மாரிக்கு ஈரவாசம் பிடித்திருந்தது. ஒரு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. கையை எடுத்துவிட்டு, கோட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, உடுப்புக் காயப்போடும் கொடியில் போட்டேன். காற்றுக்கு விழாமல் இரண்டு தோளிலும் கிளிப் குத்தினேன். பிறகு வெயில் போகும்வரை அதற்குப் பக்கத்தில் இருந்தேன்.